கையைக் காக்கும் தோல் மடல் அறுவை: இரத்தக் குழாயே அதன் உயிர்

2018-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையில், திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த கட்டடத் தொழிலாளி ஒருவருக்கு இரு கைகள் பொருத்தப்பட்டன. மின்விபத்தில் தம் இரு கைகளையும் இழந்திருந்த அவருக்கு, மூளைச்சாவு அடைந்த ஒருவரின் கைகள் கொடையாகக் கிடைத்தன. அரசு மருத்துவமனை ஒன்றில் இத்தகைய அறுவை சிகிச்சை செய்ய முடியும் என்பதை அந்நிகழ்வு மாநிலத்திற்கு உணர்த்தியது.

கைமாற்று அறுவை அரிதானது. மிகச் சிலருக்கே அது தேவைப்படும். ஆனால் கரும்பு ஆலையின் உருளையிலோ, தீவனம் வெட்டும் இயந்திரத்திலோ, நூற்பாலையின் பல்சக்கரத்திலோ விரல் சிக்கி வருவோர் நம் மாவட்டத்தில் அரிதானவர்கள் அல்லர். அவர்களுள் பலருக்குத் தேவைப்படுவது ‘ஃபிளாப்’ என மருத்துவமனைகளில் அழைக்கப்படும் தோல் மடல் அறுவையாகும். கைமாற்றுக்கும் தோல் மடலுக்கும் அடிப்படை ஒன்றே: இரத்தம் உள்ளே வந்து, வெளியே சென்றால்தான் திசு உயிர் வாழும்.

அந்த இரத்த ஓட்டத்தைக் காப்பதில் மருத்துவருக்கு உள்ள பங்கு அளவுக்கே நோயாளிக்கும் அவரைப் பராமரிப்பவருக்கும் பங்குண்டு. அப்பங்கு எது என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

பாலசமுத்திரத்திலிருந்து பார்க்கும்போது

பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில், பாலாறு–பொருந்தலாறு அணையை ஒட்டி அமைந்த ஊர் பாலசமுத்திரம். நெல், கரும்பு, தென்னை, மக்காச்சோளம் எனச் சுற்றுவட்டாரம் முழுவதும் வேளாண்மை. முன்னர் ஆட்கள் செய்த வேலைகள் பலவற்றை இன்று இயந்திரங்கள் செய்கின்றன. கதிரடிப்பது, சோளம் உதிர்ப்பது, தேங்காய் மட்டை உரிப்பது, மாட்டுக்குத் தீவனம் நறுக்குவது என யாவும் சுழலும் பாகங்களைக் கொண்ட கருவிகளுக்கு மாறிவிட்டன. வேலைச் சுமை குறைந்தது. காயத்தின் இயல்பும் மாறியது. அரிவாள் வெட்டு நேர்கோடாக இருக்கும். தைத்தால் பெரும்பாலும் கூடும். உருளையில் சிக்கிய கையோ நசுங்கி, தோல் உரிந்து, எலும்பும் தசைநாணும் வெளித்தெரியும் நிலையில் வரும். அங்கே தைப்பதற்குத் தோலே இருக்காது.

இத்தகைய காயத்திற்கு முழுமையான சிகிச்சை அளிக்கும் மையங்கள் தொலைவில் உள்ளன. திண்டுக்கல் நகரம் இங்கிருந்து ஏறத்தாழ 60 கி.மீ.; மதுரையும் கோயம்புத்தூரும் 100 கி.மீ.க்கு மேல். 2022 சனவரியில் தமிழ்நாட்டில் திறந்துவைக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளுள் திண்டுக்கல் கல்லூரியும் ஒன்று. மாவட்டத்திற்கு இது பெரிய முன்னேற்றம். எனினும், நுண்ணிய இரத்தக் குழாய்களை இணைக்கும் அறுவைக்குப் பயிற்சி பெற்ற குழுவும், நுண்ணோக்கியும், இரவிலும் இயங்கும் அரங்கும் ஒருங்கே தேவை. ஆகையால் கடுமையான கைக்காயங்களுக்குப் பெருநகர மையத்துக்கு அனுப்பப்படுவது இன்றும் இயல்பே. அனுப்பப்படுவதைக் கைவிடுவதாக எண்ண வேண்டா. பயண நேரத்தை வீணாக்காமல் இருப்பதே முக்கியம்.

கைக்குள் இரத்தம் பாயும் வழி

உங்கள் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக நாடி பார்க்கும் இடத்தில் துடிப்பது ரேடியல் தமனி. சுண்டுவிரல் பக்கத்தில் சற்று ஆழத்தில் செல்வது அல்நார் தமனி. இவ்விரண்டும் உள்ளங்கைக்குள் நுழைந்து, ஒன்றோடொன்று இணைந்து, மேலே ஒன்றும் ஆழத்தில் ஒன்றுமாக இரு வளைவுகளை அமைக்கின்றன. அவ்வளைவுகளிலிருந்து விரல்களுக்குக் கிளைகள் பிரிகின்றன. ஒவ்வொரு விரலின் இரு பக்கங்களிலும் ஒவ்வொரு தமனி செல்கிறது. அதனை ஒட்டியே உணர்வு நரம்பும் செல்கிறது. விரலின் அடியில் அத்தமனியின் விட்டம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். நுனியை நோக்கி அது மேலும் மெலிகிறது.

இரண்டு மடைகளிலிருந்து தண்ணீர் வந்து நடுவில் கூடும் வாய்க்காலை எண்ணிப் பாருங்கள். ஒரு மடையை அடைத்தாலும் மறு மடையின் நீர் சுற்றி வந்து வயலை நனைக்கும். கையிலும் அவ்வாறே. ஒரு தமனி அறுபட்டாலும் மற்றொன்று கையைக் காப்பாற்றக்கூடும். எல்லோருக்கும் அந்த வளைவு முழுமையாக அமைந்திருப்பதில்லை என்பதால், அறுவைக்கு முன் மருத்துவர் ஓர் எளிய சோதனையைச் செய்வார். கையை இறுக மூடச் சொல்லி, இரு தமனிகளையும் அழுத்தி, கையைத் திறந்தபின் ஒன்றை மட்டும் விடுவிப்பார். வெளுத்த உள்ளங்கை சில நொடிகளில் சிவந்தால் அத்தமனி தனித்தே போதும் என்று பொருள். 1929-இல் இதனை விவரித்த மருத்துவரின் பெயரால் இது ஆலன் சோதனை எனப்படுகிறது.

உள்ளே வந்த இரத்தம் சிரைகள் வழியாகத் திரும்ப வேண்டும். கையின் பெரும்பாலான சிரைகள் புறங்கையில், தோலுக்குச் சற்றுக் கீழே உள்ளன. இதனை நினைவில் கொள்ளுங்கள். அறுவைக்குப் பின் நீங்கள் கவனிக்க வேண்டிய நிறமாற்றத்தின் காரணம் இதில் அடங்கியுள்ளது.

தோல் ஒட்டு வேறு, தோல் மடல் வேறு

‘தொடையில் தோல் எடுத்து ஒட்டிவிட்டால் ஆகாதா?’ என்று பலர் வினவுகின்றனர். அது தோல் ஒட்டு. மெல்லிய தோலை முழுவதுமாகப் பிரித்தெடுத்துக் காயத்தின் மேல் பரப்புவது. அத்தோலுக்குச் சொந்த இரத்தக் குழாய் இல்லை. காயத்தின் அடித்தளத்திலிருந்து ஊட்டம் பெற்றே அது பிழைக்கிறது. அடித்தளம் தசையாக இருந்தால் ஒட்டு பிடிக்கும். மேலுறை உரிந்த எலும்பாகவோ தசைநாணாகவோ இருந்தால் அதற்கு ஊட்டமளிக்க அங்கே இரத்தம் இல்லை, ஒட்டு கருகிப்போகும்.

தோல் மடல் என்பது தோலையும் அதன் அடியிலுள்ள கொழுப்பையும், அவற்றுக்கு இரத்தம் தரும் குழாயோடு சேர்த்து இடம் மாற்றுவது. நாற்றை வேரோடும் மண்ணோடும் பெயர்த்து நடுவது போன்றது. அதனால் வெறும் எலும்பையும் அது மூடும். அதன் அடியில் தசைநாண் வழுக்கி அசையவும் இடமளிக்கும்.

எந்தக் குழாய் எவ்வளவு தோலுக்கு இரத்தம் தருகிறது என்பதை அறிந்தால்தான் மடலை வெட்ட முடியும். ஆஸ்திரேலியாவின் இயான் டெய்லரும் ஜான் பால்மரும் 1987-இல், உடலை ஏறத்தாழ 40 இரத்த வழங்கல் வட்டாரங்களாகப் பிரித்துக் காட்டினர். இன்றைய மடல் அறுவைகள் பலவும் அந்த வரைபடத்தைத் துணையாகக் கொண்டே திட்டமிடப்படுகின்றன.

எந்தக் காயத்திற்கு எந்த மடல்

மருத்துவர் எப்போதும் எளியதிலிருந்து கடினமானதை நோக்கிச் சிந்திப்பார்.

*விரல் நுனிக் காயம்.* சதை சிறிதளவே போய், எலும்பு தெரியாவிட்டால் அறுவையே தேவைப்படாது. முறையாகக் கட்டுப்போட்டு வந்தால் தானே ஆறிவிடும். எலும்பு தெரிந்தால், அதே விரலின் தோலை முன்னோக்கி நகர்த்தி மூடலாம். விரல்நுனி சாய்வாக வெட்டுப்படும்போது பயன்படும் முக்கோண மடல் ஒன்றைச் சென்னை ஸ்டான்லியின் மருத்துவர்கள் ஆர். வெங்கடசாமியும் என். சுப்பிரமணியனும் 1980-இல் வெளியிட்டனர். விரலின் பக்கத் தமனியையும் நரம்பையும் உள்ளடக்கியே அம்முக்கோணம் நகர்த்தப்படுவதால், மூடிய நுனியில் உணர்வும் நிலைக்கிறது. இன்று உலகெங்கும் கை அறுவை மருத்துவர்கள் அறிந்த முறை இது.

*விரலின் உள்பக்கக் காயம்.* பக்கத்து விரலின் புறத்தோலைப் புத்தகத்தின் தாளைப் போலத் திறந்து, காயத்தின் மேல் மடித்துத் தைப்பர். இரு விரல்களும் இரண்டு முதல் மூன்று வாரங்கள் இணைந்திருக்கும், பின்னர் பிரிக்கப்படும்.

*புறங்கைக் காயம்.* முன்னங்கையின் தோலை ரேடியல் தமனியுடன் எடுத்து, மணிக்கட்டில் திருப்பிப் புறங்கையை மூடலாம். அப்போது தமனி மேற்பகுதியில் துண்டிக்கப்படுகிறது. அல்நார் தமனியின் இரத்தம் உள்ளங்கை வளைவைச் சுற்றி, எதிர்த்திசையில் பாய்ந்து மடலை அடைகிறது. மேலே கூறிய ஆலன் சோதனை ஏன் தவிர்க்கக் கூடாதது என்பது இப்போது விளங்கும். முன்னங்கையின் பின்பக்கத்துச் சிறு தமனியைக் கொண்டு, முதன்மைத் தமனியைத் தொடாமல் செய்யும் மடலும் உண்டு.

*பெரிய காயம்.* அடிவயிறும் தொடையும் சேரும் இடத்துத் தோலை முற்றிலும் பிரிக்காமல் தூக்கி, அதனோடு கையைச் சேர்த்துத் தைக்கும் முறையை 1972-இல் கிளாஸ்கோ நகரின் மெக்ரிகரும் ஜாக்சனும் விவரித்தனர். கை சுமார் மூன்று வாரங்கள் இடுப்போடு இணைந்திருக்கும். அந்நாட்களில் காயத்தின் ஓரங்களிலிருந்து புதிய நுண்குழாய்கள் மடலுக்குள் வளர்கின்றன. போதிய அளவு வளர்ந்தபின் பழைய இணைப்பைத் துண்டித்தாலும் மடல் பிழைக்கும். நுண்ணோக்கி இல்லாத மையத்திலும் இதைச் செய்ய முடிவதால், அரசு மருத்துவமனைகளில் இன்றளவும் கைகொடுக்கும் முறை இது.

*விலகிய மடல்.* தொடை அல்லது வேறிடத்துத் தோலை முற்றிலும் பிரித்து, அதன் தமனியையும் சிரையையும் கையின் குழாய்களோடு நுண்ணோக்கி வழியே இணைப்பது. ஒரே அறுவையில் முடியும். ஆனால் நேரமும் திறனும் மிகுதியாகத் தேவைப்படும்.

‘விரலை எடுத்துவிடுங்கள்’ என்று சொல்லும் முன்

நாள்கூலிக்குச் செல்பவர்கள் பலர், அடுத்தடுத்து அறுவை, பல வாரங்கள் ஓய்வு எனக் கேட்டவுடன், ‘விரலை எடுத்துவிடுங்கள், சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டும்’ என்கின்றனர். இது அறியாமை அன்று. வீட்டு அடுப்பை எண்ணிச் சொல்லும் சொல். சில நேரங்களில் அவர்கள் சொல்வதே சரியான மருத்துவ முடிவாகவும் அமையும். முற்றிலும் நசுங்கி, மூட்டும் தசைநாணும் சிதைந்த ஒற்றை விரலைப் பல மாதங்கள் போராடிக் காத்தபின், அது விறைத்து மற்ற விரல்களின் பிடிப்பையும் தடுப்பதுண்டு. அங்கே விரலைக் குறுக்கி மூடுவதே நல்லது.

ஆனால் எல்லா விரல்களும் ஒரே மதிப்புடையவை அல்ல. பணியிட விபத்தில் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைகிறது என்பதைக் கணிக்க, 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் ஓர் அட்டவணை வகுத்தது. முழுச் சுண்டுவிரல் அல்லது மோதிரவிரல் இழப்புக்கு 7 விழுக்காடு, நடுவிரலுக்கு 12, சுட்டுவிரலுக்கு 14, கட்டைவிரலுக்கு 30. மற்ற நான்கு விரல்களும் ஒருசேரப் போனால் 50 விழுக்காடு. பற்றுதல், கிள்ளுதல், திருகுதல் என யாவற்றுக்கும் கட்டைவிரல் எதிர்நின்றாக வேண்டும் என்பதையே அந்த எண்கள் காட்டுகின்றன.

ஆகவே காயம் கட்டைவிரலில் இருந்தாலோ, பல விரல்களில் இருந்தாலோ, நோயாளி குழந்தையாக இருந்தாலோ, மடல் அறுவைக்குச் செலவாகும் வாரங்கள் பெரும்பாலும் வீணாவதில்லை. அச்சத்திலும் வலியிலும் முதல் மணி நேரத்திலேயே முடிவெடுக்காதீர்கள். ‘காத்தால் இந்த விரல் எவ்வளவு வேலை செய்யும்? குறுக்கினால் எவ்வளவு செய்யும்?’ என்று மருத்துவரிடம் கேட்டபின் முடிவு செய்யுங்கள்.

விபத்து நடந்தவுடன்

மருத்துவமனையை அடையும் முன் நீங்கள் செய்வது, பின்னர் எந்த மடல் சாத்தியம் என்பதையே மாற்றிவிடும்.

• இயந்திரத்தின் மின்னிணைப்பை முதலில் துண்டியுங்கள். சிக்கிய கையை வலிந்து இழுக்க வேண்டா. இழுக்கும்போது தோலும் குழாயும் நெடுந்தூரம் கிழிகின்றன. உருளையைப் பின்னோக்கிச் சுழற்றியோ, பாகங்களைக் கழற்றியோ விடுவியுங்கள்.

• மோதிரம், வளையல், கயிறு ஆகியவற்றை உடனே கழற்றுங்கள். வீக்கம் வந்தபின் அவையே இரத்த ஓட்டத்தை நெரிக்கும்.

• தூய துணியை வைத்து நேரடியாக அழுத்துங்கள். கையை நெஞ்சு மட்டத்திற்கு மேல் உயர்த்திப் பிடியுங்கள். பெரும்பாலான இரத்தக்கசிவு இதிலேயே நிற்கும். மெல்லிய நூலாலோ கம்பியாலோ விரலை இறுக்கிக் கட்டாதீர்கள். அது நல்ல குழாயையும் நசுக்கும். அழுத்தியும் இரத்தம் பீறிட்டால் மட்டும் அகலமான துணியால் மேற்கையில் இறுகக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

• மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு, பற்பசை எதையும் இடாதீர்கள். அவற்றை நீக்கச் சுரண்டும்போது பிழைக்கக்கூடிய திசுவும் போய்விடும்.

• துண்டான விரலை நனைந்த தூய துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு இறுகக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வையுங்கள். விரல் நேரடியாகப் பனிக்கட்டியைத் தொடக்கூடாது. நீரில் ஊறவும் கூடாது. உரிந்த தோல், சிறு துண்டு என எதையும் எறிந்துவிடாதீர்கள். பயன்படுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

• மருத்துவர் பார்க்கும் வரை உணவோ நீரோ தர வேண்டா. மயக்க மருந்து தரவேண்டியிருக்கலாம்.

நேரக் கணக்கும் தெரிந்திருக்கட்டும். மணிக்கட்டுக்கு மேல் துண்டானால் அதில் தசை உண்டு. குளிரூட்டாத தசை ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்குமேல் தாங்காது. விரலில் தசை இல்லாததால், முறையாகக் குளிர்வித்தால் அதைவிடக் கூடுதல் நேரம் கிடைக்கும். 108 ஊர்தியை அழைத்து, அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் இரத்தக்கசிவை நிறுத்தி, தடுப்பூசி பெற்று, அங்கிருந்து எங்கே செல்ல வேண்டும் என்ற வழிகாட்டுதலோடு புறப்படுங்கள். நீங்களாகவே ஒவ்வொரு மருத்துவமனையாகத் தேடி அலைவதே மிகுந்த நேரத்தை விழுங்கும்.

அறுவைக்குப் பின்: பராமரிப்பவர் அறியவேண்டியவை

முதல் சில நாட்களில் மடலின் நிறமே அதன் நலத்தைச் சொல்லும். இளஞ்சிவப்பாகவும் வெதுவெதுப்பாகவும் இருப்பது நல்லது. விரலால் மெல்ல அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் ஏறத்தாழ இரண்டு நொடிகளில் நிறம் திரும்ப வேண்டும்.

• மடல் வெளுத்து, குளிர்ந்து, அழுத்தினாலும் நிறம் திரும்பாவிட்டால் இரத்தம் உள்ளே வரவில்லை.

• நீலமாகவோ கருஞ்சிவப்பாகவோ மாறி, உப்பி, அழுத்தியவுடன் மிக விரைவாக நிறம் திரும்பினால் இரத்தம் வெளியேறவில்லை, சிரை அடைபட்டிருக்கலாம்.

இரண்டில் எது தெரிந்தாலும், இரவு எந்நேரமாயினும், உடனே செவிலியரிடம் கூறுங்கள். இறுகிய கட்டைத் தளர்த்துவதோ, ஒரு தையலை அகற்றுவதோ, மீண்டும் அறுவை அரங்கிற்குக் கொண்டுசெல்வதோ மடலைக் காப்பாற்றக்கூடும். அதற்குக் கிடைப்பது சில மணி நேரமே. ‘காலையில் டாக்டர் வரட்டும்’ என்று காத்திருக்காதீர்கள்.

பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை ஆகியவற்றிலுள்ள நிக்கோடின் நுண்குழாய்களைச் சுருக்குகிறது. ஒரு மில்லிமீட்டரிலும் சிறிய குழாயை நம்பியிருக்கும் மடலுக்கு இது நேரடி ஆபத்து. பார்க்க வருவோரும் நோயாளியின் அருகே புகைக்கக் கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும்.

கை இடுப்போடு இணைக்கப்பட்டவருக்கு மூன்று வாரங்கள் உடலுக்கும் மனத்துக்கும் கடினமானவை. உணவு ஊட்டவும், கழிவறைக்கு அழைத்துச் செல்லவும், தூக்கத்தில் கை இழுபடாமல் பார்க்கவும் ஒருவர் உடனிருக்க வேண்டும். இதனை முன்கூட்டியே அறிந்து வீட்டில் ஆள் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தோள்பட்டையையும் கட்டுக்கு வெளியேயுள்ள விரல்களையும் மருத்துவர் கூறியபடி நாள்தோறும் அசைக்காவிட்டால், மடல் பிழைத்தும் கை விறைத்துவிடும்.

தையல் பிரித்ததோடு சிகிச்சை முடிவதில்லை. இயன்முறைப் பயிற்சி பல மாதங்கள் தொடரும். பழனியிலிருந்து ஒவ்வொரு முறையும் பெருநகரம் செல்ல இயலாவிடில், பயிற்சிகளை எழுதி வாங்கி, அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் இயன்முறை மருத்துவரிடம் தொடர முடியுமா என்று கேளுங்கள். வயிற்றுப் பகுதியிலிருந்து வந்த தோல் தடிப்பாக இருக்கும். பின்னர் கொழுப்பைக் குறைக்கச் சிறு அறுவை தேவைப்படலாம். அதில் உணர்வு குறைவாகவே இருக்கும். சூடான பாத்திரம், அடுப்பு ஆகியவற்றின் அருகே அக்கையைக் கண்ணால் பார்த்தே பயன்படுத்துங்கள், சுட்டால் தெரியாது.

செலவும் உரிமையும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், அதனைச் சேர்க்கையின்போதே காட்டுங்கள். சாலை விபத்தில் காயமுற்றோருக்கு ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், இணைக்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கும். அத்திட்டம் சாலை விபத்துக்கு உரியது என்பதால், இயந்திரக் காயத்திற்கு அதனை எதிர்பார்த்துச் செல்ல வேண்டா. ஆலைத் தொழிலாளர் எனில் இ.எஸ்.ஐ. அட்டையைக் கொண்டுசெல்லுங்கள், விபத்து பணியிடத்தில் நேர்ந்தது என்பதைச் சேர்க்கைக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். பின்னாளில் இழப்பீடு கோரும்போது அந்த ஒரு வரி மிகவும் பயன்படும்.

மருத்துவரிடம் கேட்கவேண்டிய ஐந்து கேள்விகள்

1. இக்காயத்திற்குத் தோல் ஒட்டு போதுமா, மடல் தேவையா? ஏன்?
2. மடலுக்கான தோல் எங்கிருந்து எடுக்கப்படும்? அவ்விடத்தில் என்ன தழும்பு அல்லது குறை ஏற்படும்?
3. எத்தனை அறுவைகள்? எத்தனை நாட்கள் மருத்துவமனையில் இருக்க வேண்டும்?
4. எந்த நாளில் பயிற்சி தொடங்கும்? அதனை எங்கே செய்யலாம்?
5. என் வேலைக்கு எப்போது திரும்பலாம்? அதே வேலையைச் செய்ய முடியுமா?

விடைகளை உடன் வருபவர் எழுதிக்கொள்ளட்டும். வலியில் இருப்பவருக்கு நினைவில் நிற்காது. அவசர உதவிக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104 ஆகிய எண்களை, இயந்திரம் இருக்கும் கொட்டகையின் சுவரிலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.